படையில் சேர விரும்பும் இளைஞனும் ஆயரின் பொறுப்பும்

ஆண்டுதோறும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தை ஒட்டி, நமது சேகரங்களில் ஒரு காட்சியைக் காண்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்து ஆயர் அங்கியைக் கழற்றும் வேளையில் ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். "பையன் மிலிட்டரிக்கு எழுதப் போறான் ஐயா, ஜெபம் பண்ணுங்க" என்கிறார். நாமும் அவன் தலைமேல் கைவைத்து, கர்த்தர் அவனுக்கு வழியைத் திறக்கும்படி வேண்டுகிறோம். இரண்டு நிமிடங்களில் காரியம் முடிந்துவிடுகிறது. திடப்படுத்தலுக்கு அவனை ஆயத்தப்படுத்த மாதக் கணக்கில் வகுப்பு நடத்தினோம். திருமணத்திற்கு முன்பு ஓலை வாசித்து ஆலோசனையும் கூறுவோம். உயிரைக் கொடுக்கவும் எடுக்கவும் உறுதிமொழி எடுக்கப்போகிறவனுக்கு மட்டும் இரண்டு நிமிடங்கள் போதும் என்று எப்போது முடிவு செய்தோம்?

கிறிஸ்தவன் படைவீரனாக இருக்கலாமா என்னும் கேள்வி நமது இறையியற் கல்லூரிகளில் அறநெறிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அதற்கு விடை எழுதித் தேர்வில் வெற்றியும் பெற்றிருக்கிறோம். ஆனால் இந்தப் பையன் கொண்டுவரும் கேள்வி அதுவன்று. "நான் சேரலாமா?" என்பதே அவனது கேள்வி. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல என்பதையே இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

பிரசங்கபீடத்தில் இப்பொருளைக் குறித்து நாம் வழக்கமாக எடுத்தாளும் வேதபகுதிகள் மூன்று. யோவான் ஸ்நானகனிடம் வந்து, தாங்கள் செய்ய வேண்டியது யாது என்று கேட்ட போர்ச்சேவகர்கள் (லூக்கா 3:14). கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதி (மத்தேயு 8). கொர்நேலியு (அப்போஸ்தலர் 10). யோவான் அச்சேவகர்களை வேலையை விடும்படி சொல்லவில்லை. பறித்துத் தின்னாமலும் பொய்க் குற்றம் சாட்டாமலும் சம்பளத்தோடு திருப்தியாயிருக்கச் சொன்னான். பேதுருவும் கொர்நேலியுவிடம் பட்டயத்தைக் கீழே வைக்கும்படி கூறியதாக எழுதப்படவில்லை. இவற்றைக் கொண்டு, படைத்தொழில் தடைசெய்யப்பட்டதன்று என்று முடிவு செய்கிறோம். முடிவு தவறன்று. எனினும் இம்மூவகையினரும் ஏற்கெனவே படையில் இருந்தவர்கள். படையிலிருந்தபடியே தேவனுடைய வார்த்தையைக் கேட்டவர்கள். நம்முன் நிற்பவனோ திருமுழுக்குப் பெற்று, திடப்படுத்தப்பட்டு, அதன்பின் படையைத் தெரிந்துகொள்ளுகிறவன். அவனுக்குப் புதிய ஏற்பாட்டில் நேரடியான விடை இல்லை.

இவ்வேறுபாட்டை ஆதிச்சபையார் நன்கு உணர்ந்திருந்தனர். மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் 'அப்போஸ்தல பாரம்பரியம்' என்னும் சபையொழுங்கு, விசுவாசத்துக்கு வரும் படைவீரன் கொலை செய்யாதபடி போதிக்கப்பட வேண்டும் என்று கூறி அவனை ஏற்றுக்கொள்ளுகிறது. உபதேச வகுப்பிலிருக்கிறவனோ விசுவாசியோ புதிதாகப் படையில் சேர விரும்பினால் அவனைத் தள்ளிவிடச் சொல்லுகிறது. இது கடுமையான விதி. நாம் இதனைப் பின்பற்றவில்லை. பின்பற்ற வேண்டும் என்று இங்கு வாதிடவும் இல்லை. நமது திருச்சபைகள் பெற்றுக்கொண்ட மரபு வேறு. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 16ஆம் பிரிவும், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முப்பத்தொன்பது பிரமாணங்களில் 37ஆவதும் கிறிஸ்தவன் ஆயுதம் தரித்துப் பணிபுரிவதை அனுமதிக்கின்றன. லூத்தர் 1526இல் படைவீரரின் இரட்சிப்பைக் குறித்து எழுதிய நூலில் இத்தொழிலை ஆதரித்தே பேசினார். ஆனால் போர் அநீதியானது என்று ஒருவன் உறுதியாக அறிந்தால், மனிதருக்கன்றித் தேவனுக்கே பயந்து விலகிக்கொள்ள வேண்டும் என்றும் அதே நூலில் கூறுகிறார். முதற் பகுதியை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாம் பகுதியை மறந்துவிட்டோம்.

இனி, இளைஞன் சேரப்போகும் படையைக் குறித்து ஆயர் அறிந்திருக்க வேண்டியவற்றுக்கு வருவோம். நமது சபைகளுக்கும் படைக்கும் உள்ள தொடர்பு நெடியது. 1758இல் தொடங்கிய மதராஸ் ரெஜிமென்ட் இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு. அதன் பயிற்சி மையம் நீலகிரி வெலிங்டனில் உள்ளது. கம்பெனிக் காலத்துச் சென்னைப் படையிலும் சப்பர்ஸ் எனப்பட்ட பொறியியற் படையிலும் தமிழ்க் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் இடம்பெற்றிருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வடநாட்டுச் சில இனத்தாரே போருக்கு ஏற்றவர் என்ற கொள்கை ஓங்கியபோது தென்னவருக்குக் கதவு குறுகியது. உலகப்போர்கள் வந்தபோது மீண்டும் திறந்தது. ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாதிருந்த குடும்பங்களுக்குச் சீருடையும் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்த கண்ணியத்தை நாம் எளிதாகப் பேசிவிடலாகாது. பல சேகரங்களில் ஆலயக் கணக்கை ஒழுங்காக எழுதிவைப்பவர் ஓய்வுபெற்ற ஹவில்தார்தாம். (குருமனைக் கூரை ஒழுகினால் முதலில் ஏணியோடு வருபவரும் அவரே.)

பையன் மனதில் இருக்கும் உருவம் அந்த ஹவில்தார். ஆனால் அவர் சேர்ந்த வேலை வேறு. பதினைந்து ஆண்டு பணிபுரிந்த வீரருக்கு ஆயுட்கால ஓய்வூதியம் என்பது அன்றைய ஏற்பாடு. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, பதினேழரை வயது முதல் இருபத்தொன்று வரையுள்ளோர் நான்காண்டுக்குச் சேர்க்கப்படுகின்றனர். முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய். அதில் கைக்குக் கிடைப்பது 21,000. பிடித்தம் செய்யப்படுவதற்குச் சமமான தொகையை அரசும் சேர்த்து, நான்காண்டு முடிவில் வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயைச் 'சேவா நிதி'யாகக் கொடுக்கும். ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை. நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவோர் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை என்று அத்திட்டம் கூறிற்று. மற்றவர் இருபத்தொன்றரை முதல் இருபத்தைந்து வயதுக்குள் ஊருக்குத் திரும்புவர். இதனை நாம் குறையாகக் கூறவில்லை; ஏழைக் குடும்பத்திற்கு அது பெருந்தொகை. ஆனால் "பையன் செட்டில் ஆயிட்டான்" என்று ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கும் தாய்க்கு இக்கணக்கைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் யார்?

பணத்தைவிடப் பாரமான காரியம் ஒன்றுண்டு. நமது நாட்டில் கட்டாய இராணுவச் சேவை இல்லை. ஆகையால் மனச்சாட்சியின் நிமித்தம் போரிட மறுப்பவருக்கான சட்டமும் தேவைப்படவில்லை. இங்கிலாந்தில் 1916இல் கட்டாயச் சேவைச் சட்டம் வந்தபோது, மறுப்பவருக்கான விதியும் அதனுள்ளேயே வந்தது. இந்தியப் படைவீரனோ தானாக விரும்பி வருகிறவன். 1950ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டப்படி அவன் எடுக்கும் உறுதிமொழி, அரசியலமைப்புக்கு உண்மையாயிருக்கவும், நிலத்திலோ நீரிலோ வானிலோ அனுப்பப்படும் இடமெல்லாம் செல்லவும், உயிர்போகும் நிலையிலும் மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படியவும் அவனைக் கட்டுகிறது. பயிற்சி மையங்களில் இது 'கசம் பரேட்' என்னும் அணிவகுப்பில், அவரவர் திருமறையின் முன்னிலையில் எடுக்கப்படுகிறது. ஆகவே அவனது மனச்சாட்சிக்குரிய சுதந்தரம் உறுதிமொழிக்கு முன்புவரை முழுமையாக இருக்கிறது. அதற்குப் பின்பு மிகவும் சுருங்கிவிடுகிறது.

இதனை நாம் ஏட்டில் கற்கவில்லை. முன்பு நாம் பணிபுரிந்த ஒரு சேகரத்திலிருந்து சென்ற இளைஞன், இரண்டாண்டு கழித்து விடுமுறையில் வந்தபோது குருமனைக்கு வந்தான். படைப்பிரிவின் கோயிலில் வாரந்தோறும் அனைவரும் கூடுவதையும், ஆரத்தித் தட்டு தன்முன் வரும்போது தான் தலைகுனிந்து நிற்பதையும் கூறினான். தன்னோடு இருந்த மற்றொரு கிறிஸ்தவன் அதைத் தொட்டுக்கொள்ளுகிறான் என்றும், இருவரில் யார் செய்வது சரி என்றும் கேட்டான். அன்று அவனுக்குச் சரியான விடை கூற நம்மால் இயலவில்லை. "போறதுக்கு முன்னாடியே இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே ஐயா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தான்.

அவன் கேட்ட கேள்வி பின்னர் உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஒரு கிறிஸ்தவ இராணுவ அதிகாரி, தம் வீரர்களோடு வழிபாட்டு அணிவகுப்புக்குச் சென்றார். ஆனால் கருவறைக்குள் நுழைந்து சடங்கில் பங்குபெற மறுத்தார். 2021இல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மே மாதத்தில் அதனை உறுதிசெய்தது. உச்சநீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் அவரது மனுவை ஏற்க மறுத்தது. விசாரணையின்போது, உள்ளே செல்வதில் தவறில்லை என்று ஒரு போதகர் கூறிய ஆலோசனையை அவர் ஏற்கவில்லை என்பது சுட்டிக்காட்டப்பட்டது; மதம் எதை அனுமதிக்கிறது என்பதில் தனிமனிதனின் சொந்தப் புரிதலைவிடப் போதகரின் சொல்லுக்கு எடை கொடுக்கப்பட்டது. புராட்டஸ்தாந்து மரபில் வந்த நமக்கு இது திகைப்பூட்டும் நிலை. விசுவாசியின் மனச்சாட்சிக்கும் தேவனுக்கும் நடுவே ஆயர் நிற்பதில்லை என்று கற்பிப்பவர்கள் நாம். எனினும் நமது சொல் இன்று அவ்வாறு நிறுத்தப்படலாம். அப்படியாயின் அச்சொல்லை யோசித்தல்லவா சொல்ல வேண்டும்?

நமது கருத்தையும் மறைக்க விரும்பவில்லை. எலிசாவிடம் வந்த நாகமான், தன் ஆண்டவன் தன் கைமேல் சாய்ந்து ரிம்மோன் கோவிலில் பணிகையில் தானும் பணிய நேரிடுவதைக் குறித்து முன்கூட்டியே அறிக்கையிட்டான். தீர்க்கதரிசி அவனைக் கடிந்துகொள்ளாமல் சமாதானத்தோடே அனுப்பினார் (2 இராஜாக்கள் 5:18,19). தோழரின் வழிபாட்டு வேளையில் மரியாதையோடு உடன் நிற்பதை நாம் விக்கிரக ஆராதனையாகக் கருதவில்லை. ஆனால் அதற்கப்பால் செல்லத் தன் மனச்சாட்சி இடங்கொடாதவனைப் பலவீனன் என்று தள்ளவும் நமக்கு உரிமையில்லை (ரோமர் 14). கி.பி. 211ஐ ஒட்டித் தெர்த்துல்லியன் எழுதிய நூலொன்று, லாரல் மாலையை அணிய மறுத்த ஒரு கிறிஸ்தவ வீரனைப் பற்றியது. மற்றக் கிறிஸ்தவ வீரர்கள் அணிந்திருக்க, இவன் மட்டும் ஏன் தொல்லை வருவிக்கிறான் என்று சபையாரே முறுமுறுத்தனராம். பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்தும் அம்முறுமுறுப்பு ஓயவில்லை. நாகமானிடம் நாம் கவனிக்க வேண்டியது, அவன் கேட்ட நேரம். ஊருக்குத் திரும்பும் முன்பே, தீர்க்கதரிசியின் முன்னிலையிலேயே அவன் அதைப் பேசி முடித்தான்.

படைக்குச் செல்லுமுன் கேள்வி கேட்பதை நியாயப்பிரமாணம் ஓர் ஒழுங்காகவே வைத்திருந்தது. எண்ணாகமம் 1:3 யுத்தத்திற்குரிய வயதை இருபது என்று குறிக்கிறது. இன்றைய பதினேழரையை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உபாகமம் 20:5-8இல் அதிபதிகள் மக்களிடம் உரக்கக் கேட்கிறார்கள்: புதுவீடு கட்டிப் பிரதிஷ்டை செய்யாதவன் உண்டோ, திராட்சத்தோட்டம் நாட்டி அதன் பலனை அநுபவியாதவன் உண்டோ, பெண்ணை நியமம்பண்ணி விவாகம் செய்யாதவன் உண்டோ. கடைசியாக, பயப்படுகிறவன் உண்டோ என்றும் கேட்டு, அவனையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பயந்தவனுக்குத் தண்டனை கூறப்படவில்லை. நமது கிராமங்களில் பயப்படுகிறேன் என்று சொல்ல ஒரு பையனுக்கு இடமுண்டா? அக்காளின் திருமணக் கடன் நிற்கிறது. மாமன் மேளதாளத்தோடு வழியனுப்பக் காத்திருக்கிறார். பதினெட்டு வயது நிரம்பாதவனுடைய படிவத்தில் பெற்றோர் கையொப்பமும் இட்டாயிற்று. முடிவு செய்தது யார் என்று கேட்டால், வீடே முடிவு செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

295ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் தெவேஸ்தே நகரில் மாக்சிமிலியான் என்ற இருபத்தொரு வயது இளைஞன் படைக்கு அளவெடுக்க நிறுத்தப்பட்டான். தான் கிறிஸ்தவன் என்று கூறி மறுத்தான். மகனுக்குப் புத்தி சொல்லும்படி ஆளுநர் தகப்பனை ஏவியபோது, தனக்கு எது நல்லதென்று அவனே அறிவான் என்ற கருத்துப்பட அவர் விடையளித்தார். பேரரசரின் காவற்படையிலேயே கிறிஸ்தவர் இருக்கிறார்களே என்று ஆளுநர் வாதிட்டபோது, அவர்களுக்குத் தகுந்ததை அவர்கள் அறிவார்கள் என்றான் மகன். அன்றே கொல்லப்பட்டான். அவன் மற்றவரைக் குற்றவாளிகளாக்கவில்லை; தகப்பன் அவனை வற்புறுத்தவுமில்லை. அவனுடைய முடிவை நமது இளைஞர்மேல் சுமத்த நாம் துணியோம். அத்தகைய தகப்பனைப்போல் ஒருவர் அருகில் நின்றால் மட்டுமே பையன் "ஆம்" என்று சொல்வதற்கும் பொருள் உண்டு.

ஆகவே நாம் இப்போது கைக்கொள்ளும் முறையைக் கூறுகிறோம். தாய் பையனோடு வரும்போது அன்று ஜெபித்து அனுப்புகிறோம். மறுவாரம் அவனைத் தனியாக வரச் சொல்லுகிறோம். வீட்டில் கடன் இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பான் என்று கேட்கிறோம். இரு கிறிஸ்தவ வீரரின் கதையைச் சொல்லி, அவன் எங்கே நிற்பான் என்று கேட்கிறோம். விடையை நாம் கூறுவதில்லை. சுடும்படி கட்டளை வரும் வேளையைப் பற்றியும் பேசுகிறோம். இவ்வுரையாடலுக்குப் பின்பு ஒருவன் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். அவன் தாய் சில மாதங்கள் நம்மோடு பேசவில்லை. மற்றவர்கள் தேர்வு எழுதினர். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் பின்தங்கித் திரும்பியவனையும் சபையார் முன் நிறுத்தி ஜெபித்தோம். அவனுக்கே அது அதிகம் தேவைப்பட்டது.

இறையியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி. தரைப்படையில் மதபோதகர்களாக இளநிலை அதிகாரித் தரத்தில் நியமிக்கப்படுவோரில், பண்டிதர், மௌல்வி, கிரந்தி ஆகியோருடன் 'பாதிரி'யும் உண்டு. அபிஷேகம் பெற்ற பட்டதாரிகள் அதற்கு விண்ணப்பிக்கலாம். எல்லைப் பகுதியில் திருவிருந்து கிடைக்காமல் மாதங்களைக் கழிக்கும் நம் பிள்ளைகளை எண்ணி, நம் மாணவருள் யாரேனும் இதனை ஊழிய அழைப்பாகக் கருதிப்பார்த்தால் மகிழ்வோம். அதுவரை, பையன் எந்தப் படைப்பிரிவில் சேர்ந்தான் என்று கேட்டு, அங்குள்ள பாதிரிக்கு ஒரு கடிதம் எழுதுவது சேகர ஆயரால் ஆகக்கூடிய காரியம். சென்ற ஆண்டு அப்படி எழுதிய கடிதத்துக்கு ஒரு மலையாளப் பாதிரியிடமிருந்து பதில் வந்தது; பையன் நலமென்றும், இந்தி ஆராதனையில் தமிழ் வேதாகமத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறான் என்றும் அதில் எழுதியிருந்தார்.