பிரஷர் குக்கர் விசிலடிப்பது ஏன்?

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில்கள் ஓடுகின்றன. மாலையில் அவற்றில் வந்து இறங்குவோரில் பலர் வீடு சேர்ந்ததும் செய்யும் முதல் வேலை, அரிசியையும் பருப்பையும் களைந்து குக்கரில் வைப்பதுதான். முகம் கழுவி, ரசத்துக்குப் புளி கரைப்பதற்குள் சோறும் பருப்பும் வெந்துவிடுகின்றன. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு குழைய நெடுநேரம் ஆகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். குக்கருக்குள் மட்டும் அது விரைவில் வேகும் காரணம் என்ன?

திறந்த பாத்திரத்தில் நீர் 100° செ. வெப்பநிலையில் கொதிக்கிறது. அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் அதன் வெப்பநிலை அதற்குமேல் உயராது. கூடுதலாகக் கொடுக்கும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஆனால் இந்த 100° என்பது மாறாத எண் அன்று. நீரின் மேல் உள்ள அழுத்தத்தைப் பொறுத்து அது மாறும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே அங்கே நீர் சுமார் 93° செ.-இலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகவும் அதிக நேரம் ஆகிறது. அப்படியானால் அழுத்தத்தைக் கூட்டினால்? கொதிநிலையும் கூடும் அல்லவா? குக்கரின் தத்துவம் இதுதான்.

இதை முதலில் செய்து காட்டியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் டெனிஸ் பாப்பின். 1679-இல் இலண்டன் ராயல் சொசைட்டியில், இறுக மூடிய பாத்திரம் ஒன்றில் எலும்புகளையும் மென்மையாக வேகவைத்துக் காட்டினார். 1682-இல் அச்சங்க உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து விருந்தும் அளித்தார். அழுத்தம் மிகுந்து பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்க அவர் அமைத்த பாதுகாப்பு வால்வின் வழிவந்ததே, நம் வீட்டுக் குக்கரின் தலையில் இருக்கும் ‘வெயிட்’.

இந்த வெயிட்டின் வேலையை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். ஆவி வெளியேறும் துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 0.07 சதுர செ.மீ. அதன்மேல் 70 கிராம் எடையை வைத்தால், உள்ளே உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர செ.மீ.-க்கு 1 கிலோகிராம் மிகும்போதுதான் எடை தூக்கப்படும். அந்த அழுத்தத்தில் நீரின் கொதிநிலை சுமார் 120° செ. எடை சற்றே எழுந்து, மிகுதியான ஆவி சீறிக்கொண்டு வெளியேறுகிறது, அதுவே விசில். பிறகு எடை மீண்டும் அமர்கிறது.

20 டிகிரி கூடுவதால் என்ன பெரிய மாறுதல் என்று கேட்பீர்கள். பல வேதிவினைகளின் வேகம் வெப்பநிலை 10 டிகிரி உயரும்போது ஏறத்தாழ இரு மடங்காகிறது. எனவே 20 டிகிரிக்கு நான்கு மடங்கு! முக்கால் மணி நேர வேலை பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் முடிவது இதனால்தான்.

இப்போது அடுப்பைக் கவனியுங்கள். முதல் விசில் வந்துவிட்டால், உள்ளே வெப்பநிலை அதன் உச்சத்தை அடைந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் சுடரைப் பெரிதாக வைத்தால் விசில்கள்தாம் அதிகமாகும். பருப்பு விரைவில் வேகாது. 100 கிராம் நீர் ஆவியாக வெளியேறினால் சுமார் 2,26,000 ஜூல் வெப்பம் வீணாகிறது. அதே வெப்பத்தைக் கொண்டு 30° செ.-இல் உள்ள ஒரு லிட்டர் நீரை 84° செ. வரை சூடாக்கிவிடலாம்! ஆகவே முதல் விசிலுக்குப் பிறகு சுடரைத் தணித்துவிட்டு, விசில்களை எண்ணாமல் நிமிடங்களை எண்ணுவதே அறிவுடைமை.

குக்கரிலும் பருப்பு வேகவில்லை என்ற குறை சில வீடுகளில் எழுவதுண்டு. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பகுதிகளில் பல வீடுகளின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடின நீர். பருப்பின் செல்களை ஒட்டவைக்கும் பசை போன்ற பொருள் பெக்டின். கடின நீரில் உள்ள கால்சியம் இந்தப் பெக்டினை இறுக்கிவிடுகிறது. புளியின் அமிலமும் அது கரைவதைத் தடுக்கிறது. பருப்பு நன்றாக வெந்த பிறகே புளிக்கரைசலைச் சேர்க்கும் பாட்டிமார் வழக்கம் வேதியியலுக்கு முற்றிலும் பொருந்துகிறது. கடின நீர் உள்ள வீடுகளில் குடிப்பதற்கு வைத்திருக்கும் நல்ல நீரில் பருப்பை ஊறவைத்து வேகவைத்தால் குறை தீரும்.

இறுதியாக, மறக்கக்கூடாத ஒன்று. மூடியின் விட்டம் 20 செ.மீ. என்றால் அதன் பரப்பு 314 சதுர செ.மீ. ஆகவே வேகும்போது மூடியை வெளிநோக்கித் தள்ளும் விசை 314 கிலோகிராம் எடைக்குச் சமம்! நான்கைந்து பெரியவர்களின் எடை அது. ஆவி முழுவதும் அடங்கும் முன்பு மூடியை ஒருபோதும் வலிந்து திறக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, ஆவித்துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பருப்புத் தோல் போதும், அதை அடைக்க. அவ்வாறு அடைபட்டாலும், நீர் வற்றிவிட்டாலும் உருகி வழிவிடுவதற்காகவே மூடியில் எளிதில் உருகும் உலோகக் கலவையாலான பாதுகாப்பு அடைப்பான் உள்ளது. அது உருகிவிட்டால் அதற்குரிய புதிய அடைப்பானையே பொருத்த வேண்டும். வேறெதையும் கொண்டு அடைக்கலாகாது.

வீட்டில் பெரியவர்களின் துணையுடன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அடுக்குப் பாத்திரங்களில் அரிசியும் பருப்பும் வைக்கும்போது, குக்கரின் அடியில் ஊற்றும் நீரை அளந்து ஊற்றுங்கள். ஒரு நாள் முதல் விசிலுக்குப் பின் சுடரைப் பெரிதாகவே வைத்தும், மறுநாள் தணித்தும், இரு நாளும் அதே நேரம் வேகவைக்கச் சொல்லுங்கள். குக்கர் நன்றாக ஆறிய பின் எஞ்சிய நீரை அளந்து இரு நாளையும் ஒப்பிடுங்கள். பருப்பு இரு நாளும் ஒரே பதமாக வெந்திருக்கும். வேறுபடும் நீரின் அளவிலிருந்து, வீணான வெப்பம் எத்தனை ஜூல் என்பதை நீங்களே கணக்கிட்டுவிடலாம்.