தெளிந்த நீரிலும் நஞ்சு: நன்னீர் திருக்கை வளர்ப்பில் அறிய வேண்டியவை

அலங்கார மீனாக வளர்க்கப்படும் நன்னீர் திருக்கைகளின் உயிருக்குப் பெரும் அச்சுறுத்தலாக இருப்பது கண்ணுக்குத் தெரியாத அமோனியா. நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும்போதே அதில் இந்த நஞ்சு சேர்ந்திருக்கக்கூடும். அதைப் போக்குவதாக எண்ணி அவசர அவசரமாகப் பாதி நீரை மாற்றுவது, சில சூழல்களில் ஆபத்தை மேலும் அதிகரித்துவிடும். இதற்கான காரணங்களும் தவிர்க்கும் வழிமுறைகளும் வருமாறு:

திருக்கையின் இயல்பு

வீடுகளிலும் காட்சியகங்களிலும் வளர்க்கப்படும் நன்னீர் திருக்கைகளில் பெரும்பாலானவை தென் அமெரிக்காவின் பொட்டமோட்ரைகோன் பேரினத்தைச் சேர்ந்தவை. அமேசான், ஓரினோகோ, பரானா உள்ளிட்ட ஆறுகளில் இவை வாழ்கின்றன. கடல் திருக்கைகள், உப்பு நீரைச் சமாளிப்பதற்காக யூரியாவை ரத்தத்தில் பெருமளவு தேக்கி வைக்கின்றன. நன்னீர் திருக்கைகளின் உடலில் யூரியா மிகக் குறைவாகவே இருப்பதை 1967-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. நைட்ரஜன் கழிவை இவை பெரும்பாலும் அமோனியாவாகவே நீரில் வெளியேற்றுகின்றன.

இறால், மீன் துண்டு, புழு எனப் புரதம் மிகுந்த உணவையே இவை உண்கின்றன. புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். எனவே 10 கிராம் புரதத்தில் 1.6 கிராம் நைட்ரஜன் இருக்கும். அதில் பாதி மட்டுமே அமோனியாவாக வெளியேறினாலும், 1,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் நைட்ரஜன் சேர்ந்துவிடும். உண்ணாமல் மணலில் விடப்படும் உணவு அழுகி இந்த அளவை மேலும் கூட்டும். தட்டையான உடலுடன் தரையோடு ஒட்டி வாழும் திருக்கைக்கு, அடியில் சேரும் கழிவு நேரடியான பாதிப்பாக அமைகிறது.

ஒரே அளவு, இரு வேறு விளைவு

நீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று, மின்னேற்றம் பெற்ற அம்மோனியம். இதன் நச்சுத்தன்மை குறைவு. மற்றொன்று, மின்னேற்றம் இல்லாத அமோனியா. செவுள்கள் வழியாக எளிதில் உடலுக்குள் புகும் இதுவே கொடிய நஞ்சு. வீட்டில் பயன்படுத்தும் பரிசோதனைப் பெட்டிகள் பொதுவாக இரண்டையும் சேர்த்து மொத்த அளவையே காட்டுகின்றன. அதில் எவ்வளவு நஞ்சு என்பதை, பி.எச். எனப்படும் அமில-கார அளவும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன.

நீரின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸாகவும் பி.எச். 7 ஆகவும் இருந்தால், மொத்த அமோனியாவில் சுமார் 0.8 சதவீதமே நச்சு வடிவில் இருக்கும். அதே வெப்பநிலையில் பி.எச். 8 ஆக உயர்ந்தால் அது 7.4 சதவீதமாகிவிடும். அதாவது, பரிசோதனையில் தெரியும் நிறம் மாறாமலே நஞ்சு 9 மடங்கு பெருகியிருக்கும். இந்தியக் கோடையில், காரத்தன்மை மிகுந்த நீரில் திருக்கை வளர்ப்போர் இதைக் குறிப்பாகக் கவனத்தில் கொள்ள வேண்டும். அமோனியா, பி.எச்., வெப்பநிலை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் அளந்து குறித்துவைத்தால்தான் உண்மை நிலை புலப்படும்.

நீரை மாற்றும்போது நேரும் ஆபத்து

நீண்ட நாள் சரியாகப் பராமரிக்கப்படாத தொட்டியில் பி.எச். படிப்படியாகக் குறையும். அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள், நீரிலுள்ள கார்பனேட்டைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுவதே இதற்குக் காரணம். பி.எச். மிகவும் தாழ்ந்ததும் அந்தப் பாக்டீரியாக்களின் செயல்பாடு மந்தமாகி, அமோனியா தேங்கத் தொடங்கும். ஆனால் அது பெரும்பாலும் அம்மோனியமாகவே இருப்பதால் மீன் இயல்பாக நடமாடும்.

இந்நிலையில் காரத்தன்மை உள்ள புதிய நீரைக் கொண்டு பாதித் தொட்டியை நிரப்பினால் நிலைமை தலைகீழாகிறது. எடுத்துக்காட்டாக, 28 டிகிரி வெப்பநிலையில் பி.எச். 6.2-இலிருந்து 7.7-ஆக உயர்ந்தால் நச்சு வடிவின் விகிதம் சுமார் 30 மடங்கு கூடும். மொத்த அமோனியா பாதியாகக் குறைந்த பிறகும், நீரில் நஞ்சு முன்பு இருந்ததைப் போல 15 மடங்காக இருக்கும். நீரை மாற்றிய சில மணி நேரத்தில் மீன் இறந்ததாகக் கூறப்படும் நிகழ்வுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே, இத்தகைய தொட்டிகளில் முதலில் உணவை நிறுத்த வேண்டும். பின்னர் 10 முதல் 15 சதவீதம் வரை மட்டும் நீரை மாற்றி, ஒவ்வொரு முறையும் அமோனியாவையும் பி.எச். அளவையும் சோதித்து, இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். அமோனியாவை நச்சற்றதாக்கும் மருந்துகளைப் புதிய நீருடன் சேர்ப்பது கூடுதல் பாதுகாப்பு அளிக்கும். நல்ல நிலையில் உள்ள தொட்டியில் நீரைத் தவறாமல் மாற்றி வந்தால் இந்தச் சிக்கலே எழாது.

குழாய் நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும்

குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணய அமைப்பின் வரையறை. மனிதருக்குப் பாதுகாப்பான இந்தக் குளோரின், மீனின் செவுள்களையும் வடிகட்டியில் உள்ள பாக்டீரியாக்களையும் பாதிக்கும். சோடியம் தயோசல்பேட் கலந்து அதை நீக்கிய பிறகே குழாய் நீரைத் தொட்டியில் விட வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இராது. ஆனால் அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு, இறைத்தவுடன் பி.எச். அளவைக் குறைத்துக் காட்டும். வாயு வெளியேறியதும் அளவு உயர்ந்துவிடும். ஆகவே, 24 மணி நேரம் காற்றூட்டி வைத்த பிறகு சோதிப்பதே சரியான முறை.

வடிகட்டியும் மின்தடையும்

புதிய வடிகட்டியில் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை திருக்கையைத் தொட்டியில் விடலாகாது. அமோனியாவும் நைட்ரைட்டும் பரிசோதனையில் பூஜ்ஜியமாகத் தொடர்ந்து பதிவாக வேண்டும். நைட்ரைட், ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடியது. வடிகட்டியின் பஞ்சையும் கற்களையும் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுவது பாக்டீரியாக்களைக் காக்கும்.

இப்பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் தேவை. நீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம். 30 டிகிரியில் அது 7.6 ஆகக் குறைகிறது. கோடைக்கால மின்தடையின்போது வடிகட்டி நின்றுவிட்டால் மீனும் பாக்டீரியாவும் ஒருசேரப் பாதிக்கப்படும் என்பதால், மின்கலத்தில் இயங்கும் காற்றுக்குழாய்க் கருவியைக் கைவசம் வைத்திருப்பது அவசியம்.

குளங்களில் வளர்ப்போருக்கு

திறந்தவெளிக் குளங்களில் பகலில் பாசிகள் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் பி.எச். உயரும். இரவில் அவையும் சுவாசிப்பதால் விடியலுக்கு முன் ஆக்சிஜன் மிகவும் குறையும். காலையில் ஒருமுறை மட்டும் சோதித்தால் பிற்பகல் ஆபத்து தெரியாமல் போகும். ஆகவே விடியற்காலை, பிற்பகல் ஆகிய இரு வேளைகளிலும் சோதிக்க வேண்டும். கனமழையும் நீரின் கடினத்தன்மையைச் சட்டெனக் குறைக்கும் என்பதால், மழைநீர் வழிந்தோட வசதி தேவை. குளிர்காலத்தில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழ் செல்லும் தில்லி போன்ற பகுதிகளில், வெப்பமூட்டப்படாத திறந்த குளம் இந்த வெப்பமண்டல மீனுக்கு ஏற்றதன்று. வாலில் நச்சு முள் இருப்பதால், குளத்தில் இறங்கிச் சுத்தம் செய்வோர் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்.

வாங்கும் முன்

பிரேசிலின் சிங்கு ஆற்றில் வாழும் லியோபோல்டி உள்ளிட்ட சில இனங்கள், 2022 நவம்பரில் பனாமாவில் நடைபெற்ற சிட்டெஸ் மாநாட்டில் இரண்டாவது இணைப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்தியாவில், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வனவிலங்கு பாதுகாப்புத் திருத்தச் சட்டத்தின் 4-வது அட்டவணை சிட்டெஸ் உயிரினங்களுக்கானது. அதில் இடம்பெற்ற உயிரினங்களை வைத்திருப்போர் 'பரிவேஷ்' இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். எனவே, வாங்கும் மீன் எந்த இனம் என்பதையும், அதற்கான ஆவணங்களையும் முதலிலேயே சரிபார்ப்பது நல்லது.

பராமரிக்க இயலாதோர் திருக்கைகளை ஏரியிலோ ஆற்றிலோ விடக்கூடாது. சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களில் மோட்டோரோ இனத் திருக்கைகள் இனப்பெருக்கம் செய்து நிலைபெற்றுவிட்டதாக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.