ரேழி விளக்கும் பெரியம்மாவின் சைபர் பில்லும்

"கரண்ட் பில் சைபர்னு வரணும்டி. ஒரே ஒரு தடவையாவது பார்த்துடணும்."

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் பெரியம்மா இதைச் சொன்னபோது அவள் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. 2024 ஐப்பசியில் ஒரு மழை நாள். சாயங்காலம் ஆறரை மணிக்கு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று ரேழி வழியாகப் போயிருக்கிறாள். விளக்குப் போடவில்லை. வாசல்படிக்கு முன்னால் ஒரு சின்ன இறக்கம் உண்டு. எழுபத்தெட்டு வயசுக் கால் அதைத் தவற விட்டுவிட்டது. கையை ஊன்றி விழுந்தாள். எலும்பு முறிவு.

செய்தி வந்ததும் தில்லைநகரிலிருந்து ஓடினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். "ஏன் பெரியம்மா லைட்டைப் போடலே?" என்று கேட்டதற்குத்தான் அந்த சைபர் பில் பதில்.

விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்ததே, நினைவிருக்கிறதா? நூறுக்குள் அடங்கிவிட்டால் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. எதிர்வீட்டு மாமிக்கு இரண்டு தடவை சைபர் வந்துவிட்டதாம். பெரியம்மாவுக்கோ 190 யூனிட். ரேழி விளக்கை நிறுத்தினாள், 146-க்கு இறங்கியது. "இன்னும் நாற்பத்தாறுதான்டி பாக்கி!" என்று சந்தோஷம்.

அவள் கணக்கைக் குறை சொல்ல முடியாது. ரேழியில் இருந்தது பழைய 60 வாட் குண்டு பல்பு. ராத்திரி முழுக்க பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 43 யூனிட். இலவச நூறில் பாதியை அது ஒன்றே விழுங்கிவிடும். அணைத்தது சரியான பல்பைத்தான். ஆனால் அந்த இடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு இருந்திருந்தால், அதே பன்னிரண்டு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் ஆறரை யூனிட்தான். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி நூறுக்கு மேல் இருநூறு வரை யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்க்குள்தான். ஆக, ரேழி விளக்குக்கு இரண்டு மாதத்துக்குப் பதினைந்து, பதினாறு ரூபாய். எக்ஸ்ரே, கட்டு, மருந்து, ஆட்டோ எல்லாம் சேர்ந்து பதினெட்டாயிரம் ஆயிற்று. அந்தப் பணத்தில் இருநூறு வருஷத்துக்கு ரேழி விளக்கை எரித்திருக்கலாம். வலியை நான் இதில் சேர்க்கவில்லை.

பெரியம்மா விடவில்லை. "2012-ல பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கரண்டே இல்லாம இருந்தோமே, அப்ப விழலையே?" என்றாள். அப்போது உனக்கு அறுபத்தாறு பெரியம்மா என்றேன். வயதாக ஆகக் கண்ணுக்கு வெளிச்சம் அதிகமாக வேண்டும். இளவயதில் போதுமாக இருந்த விளக்கு எழுபதுக்கு மேல் போதாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், ரேழி, மாடிப்படி, குளியலறைப் பாதை இந்த மூன்றிலும் சிக்கனம் பார்க்கவே பார்க்காதீர்கள்.

சரி, நூறுக்குள் வரவேண்டும், இருட்டிலும் இருக்கக் கூடாது. என்ன செய்வது? கட்டுப் போட்டிருந்த நாட்களில் வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போய்ச் சமைத்துப் போட்டேன். பொழுது போகாத மத்தியானங்களில் இருவருமாகத் திருடனைத் தேட ஆரம்பித்தோம்.

முதலில் மீட்டர். இப்போதுள்ள மின்னணு மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு விட்டு விட்டு மினுக்கும், பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே 3200 அல்லது 1600 என்று ஓர் எண் போட்டிருக்கும். 3200 என்றால் அத்தனை தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜையும் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு, கையில் கடிகாரத்தோடு மீட்டர் முன்னால் நில்லுங்கள். பொட்டு அசையாமல் இருக்க வேண்டும். பெரியம்மா வீட்டில் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மினுக்கியது!

அலமாரிக்குப் பின்னால் டி.வி. கேபிள் பெட்டி. ரிமோட்டில் டி.வி.யை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். பெட்டி ராத்திரி பகல் விழித்திருக்கிறது. ஒன்பது வாட் சுமார். அற்பம்தானே என்று தோன்றும். நாள் முழுக்க, இரண்டு மாதம் என்று பெருக்கிப் பாருங்கள், பதின்மூன்று யூனிட்டுக்கு மேல். ராத்திரி முழுக்க 9 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு எரிந்திருக்கலாம், யாரும் பார்க்காத ஒரு பெட்டிக்குப் பதிலாக.

அடுத்து மோட்டார். தினமும் இருபது நிமிஷம் ஓடுகிறதாம். ஒரே ஒரு ஆள் இருக்கிற வீட்டில் அவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது? பின்கட்டுக் கழிவறையில் ஃப்ளஷ் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டே இருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள்பொடி கரைத்துவிட்டு, அரைமணி யாரும் உபயோகிக்காமல் விடுங்கள். கீழே பீங்கானில் மஞ்சள் இறங்கினால் ஒழுகல்தான். ஒரு ரப்பர் வாஷர் மாற்றினோம். மோட்டார் எட்டு நிமிஷத்தில் நின்றது. ஒரு குதிரைசக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் மிச்சம். காவிரிக்கரைத் தண்ணீரும் மிச்சம்.

ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்து போயிருந்தது. ஒரு காகிதத்தை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் குளிரும் அப்படித்தான் வெளியே வருகிறது. ரப்பரை மாற்றச் சொன்னேன். "கதவு இப்பத் திறக்கவே மாட்டேங்கறதுடி" என்று இன்று வரை புகார்.

மின்விசிறிக்கு இருந்தது அந்தக் காலத்துப் பெரிய பெட்டி ரெகுலேட்டர். தொட்டால் சுடும். வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகிற மின்சாரத்தில் ஒரு பங்கைச் சூடாக்கி விரயம் செய்துவிடும் ஜாதி அது. முந்நூறு ரூபாய்க்குள் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டோம். முப்பது வாட்டில் ஓடுகிற புது மாதிரி விசிறி, பி.எல்.டி.சி. என்கிறார்களே, அதை வாங்கலாமா என்று என் கணவர் கேட்டார். சாதாரண விசிறி 75 வாட். பாதிக்கு மேல் மிச்சம் என்பது உண்மை. ஆனால் பெரியம்மா கட்டுகிற இரண்டரை ரூபாய்க் கணக்கில் விசிறியின் விலை திரும்ப ஐந்தாறு வருஷமாவது ஆகும். வேண்டாம் என்று விட்டோம். சிக்கனம் என்ற பெயரில் கடைக்காரர் சொல்வதையெல்லாம் வாங்கி வந்தால் அதுவும் செலவுதானே?

கூடத்து விளக்குக்கு வருகிறேன். குரங்குத் தொல்லைக்காக முற்றத்தின் மேல் தகரம் அடித்திருந்தார்கள். அதிலிருந்து கூடம் பகலிலேயே இருட்டு. பழைய டியூப் லைட், சோக்கும் சேர்த்து 55 வாட், பத்து மணியிலிருந்தே எரியும். நம் முன்னோர் வெளிச்சத்துக்கென்றே விட்டு வைத்த முற்றத்தைத் தகரத்தால் மூடிவிட்டு, கீழே விளக்குப் போட்டுக்கொள்கிறோம்! இரண்டு தகரத்தை எடுத்துவிட்டு வெளிச்சம் ஊடுருவும் ஷீட் போட்டோம். பகல் விளக்கு நின்றுவிட்டது. டியூபுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி.

எல்.இ.டி. வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். வாட் குறைவாக இருக்கிறதே என்று மட்டும் பார்க்காமல், அட்டைப்பெட்டியில் 'லூமென்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். அதுதான் வெளிச்சத்தின் அளவு. பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமென். நல்ல 9 வாட் எல்.இ.டி. 800-க்கு மேல் தரும். பெரியவர்கள் நடக்கிற இடத்தில் பல்பு நேராகக் கண்ணில் அடிக்காமல் மூடியோடு இருக்கட்டும். கூச்சமும் இருட்டைப் போலவே தடுமாற வைக்கும். விலைக்குப் பயப்பட வேண்டாம். மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. மொத்தமாகக் கொள்முதல் செய்ததில் 2014-ல் 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. அதே 2014-ல்தான் நீல நிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு. அந்த நீலம் இல்லாமல் நம் வீட்டு வெள்ளை விளக்கு இல்லை.

ரேழியில் 9 வாட் பல்பு போட்டதோடு, வாசல் பக்கம் ஒன்று, கூடத்துப் பக்கம் ஒன்று என்று மாடிப்படிக்குப் போடுவதுபோல இரட்டை ஸ்விட்ச் வைக்கச் சொன்னேன். இருட்டில் ஸ்விட்சைத் தேடி நடக்க வேண்டியதில்லை. குளியலறையில் அரை வாட் ராத்திரி விளக்கு. அதற்கு இரண்டு மாதத்துக்கு அரை யூனிட்கூட ஆகாது.

ஊருக்கு உபதேசம் செய்தேனே, என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2025 கோடையில், பெண்ணுக்குப் பரீட்சை, ராத்திரி பகலாக ஏ.சி. ரீடிங் 512. தமிழ்நாட்டுக் கட்டணத்தில் 500 என்பது ஒரு லட்சுமணக் கோடு. அதைத் தாண்டினால், மேலே போன யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று நினைக்காதீர்கள். 101-லிருந்து 200 வரை கிடைக்கிற பாதி விலைச் சலுகையும் போய்விடும். அந்தப் பன்னிரண்டு யூனிட்டுக்கு நான் கட்டியது முந்நூற்று முப்பது ரூபாய்க்கு மேல்! பெரியம்மா ரேழியை இருட்டாக்கி மிச்சம் பிடித்ததைவிட மூன்று மடங்கு. ஒரு நாளைக்கு இருநூறு வாட்-மணி குறைத்திருந்தால் போதும். இரண்டாயிரம் வாட் கீசரை ஆறு நிமிஷம் முன்னால் அணைப்பதுதான் அது.

இப்போது மாதம் பிறந்ததும் நானே மீட்டரைப் பார்த்து, காலண்டரில் எழுதிவிடுகிறேன். முதல் மாதத்திலேயே 250-ஐத் தாண்டினால் வீட்டில் எச்சரிக்கை மணி. ஏ.சி. 18-ல் இருந்தது, 26-ல் வைத்து விசிறியை மெதுவாக ஓட விடுகிறோம். ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ ஆறு சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. பெண் இரண்டு நாள் முணுமுணுத்தாள், அப்புறம் போர்வையைத் தேடுவதை நிறுத்திவிட்டாள். பெரியம்மாவுக்கு வேண்டாம் என்ற அந்த விசிறியை என் படுக்கையறைக்கு வாங்கினேன். ஐந்நூறின் விளிம்பில் நிற்கிற எனக்கு அது கட்டுப்படியாகும்.

பெரியம்மாவின் கட்டுப் பிரித்துவிட்டார்கள். விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. கோலம் இடது கையால்தான். 2025 ஆரம்பத்தில் ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டர் அட்டையில் எழுதிக் கொடுத்ததும் எனக்குப் போன் வந்தது.

"நூத்தி நாலுடி! பத்து ரூபாய் கட்டணுமாம்."

"ராத்திரி முழுக்க ரேழி விளக்கு எரியறது இல்லையா பெரியம்மா?"

"எரியறது, எரியறது. நீ சொன்னேன்னு எரியறது. அது இல்லேன்னா தொண்ணூத்தெட்டு வந்திருக்கும், சைபர் ஆகியிருக்கும், தெரியுமோ?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அந்தக் கேபிள் பெட்டி, சீரியல் பாக்கறச்சே மட்டும் போட்டாப் போறுமோன்னோ? மத்தியானம் வேற போடறேன். அதை நிறுத்தினா நாலு குறையுமா பாரு" என்றாள். குறையும் என்றேன்.