பழைய ஸ்கேனரா, புதிய ஸ்கேனரா? அமெரிக்கர்களின் கையில் இருக்கும் 'கேட்கும் ரேடியோ'வின் கதை!

2025 ஜனவரி 7. மாலை 6.18 மணி. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஈட்டன் பள்ளத்தாக்கில் தீப்பிடித்தது. காற்று பேயாட்டம் ஆடியதில், மலையடிவாரத்தில் இருக்கும் ஆல்டடீனா என்ற ஊருக்குள் தீ புகுந்தது. ஊரின் மேற்குப் பகுதியில் வீடு எரிகிறது என்ற தகவல், இரவு 11 மணிக்கு முன்பே தீயணைப்புத் துறையின் ரேடியோவில் ஒலித்துவிட்டது. ஆனால், 'உடனே வெளியேறுங்கள்' என்ற அரசு உத்தரவு அந்தப் பகுதி மக்களுக்கு வந்தபோது அதிகாலை 3.25!

இடையில் நான்கு மணி நேரத்துக்கும் மேல். ஈட்டன் தீயில் உயிரிழந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்த மேற்குப் பகுதியில் இருந்தவர்கள்தான்.

இரண்டு நாள் கழித்து நேர்மாறான கூத்து. ஒரு பகுதிக்கு மட்டும் போக வேண்டிய எச்சரிக்கை, தவறுதலாக லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி முழுவதும் சுமார் ஒரு கோடி பேரின் செல்போன்களுக்குப் போனது. எதை நம்புவது என்று தெரியாமல் தவித்த மக்கள், 'வாட்ச் டியூட்டி' என்ற இலவச ஆப் பக்கம் திரும்பினார்கள். அந்த வாரம் ஆப்பிள் ஆப் ஸ்டோரில் முதலிடம் பிடித்தது அதுதான்.

அந்த ஆப்பில் தகவல் போடுபவர்கள் யார் தெரியுமா? ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்கள், கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவர்கள், தன்னார்வலர்கள். இவர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது தீயணைப்புத் துறையின் ரேடியோ பேச்சை. அதைக் கேட்க உதவும் கருவிக்குப் பெயர்தான் ஸ்கேனர்.

ஸ்கேனர் என்றால் என்ன?

பார்க்க வாக்கி டாக்கி போலவே இருக்கும். ஆனால், இதில் பேச முடியாது. கேட்க மட்டுமே முடியும். நூற்றுக்கணக்கான அலைவரிசைகளை நொடிப்பொழுதில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். எங்கே பேச்சு கேட்கிறதோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓடத் தொடங்கும். 2014-ல் வந்த 'நைட்க்ராலர்' ஹாலிவுட் படத்தில், கதாநாயகன் காரில் உட்கார்ந்து போலீஸ் பேச்சைக் கேட்டு, சம்பவ இடத்துக்கு கேமராவோடு ஓடுவாரே... அதே சமாச்சாரம்தான்.

அமெரிக்காவில் பூட்டப்படாத போலீஸ், தீயணைப்பு ரேடியோவைக் கேட்பது பொதுவாகச் சட்டப்படி சரி. காரில் வைத்துக் கேட்பதற்குச் சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. செல்போன் பேச்சுக்கு மட்டும் எங்குமே அனுமதி இல்லை. 1994-க்குப் பிறகு தயாரான ஸ்கேனர்களில் அந்த அலைவரிசைகளே அடைக்கப்பட்டிருக்கும்.

ஏன் பழசு போதாமல் போனது?

ஆரம்பகால ஸ்கேனர்களில் ஒரு சேனலுக்கு ஒரு கிரிஸ்டல். எட்டு சேனல் கேட்க வேண்டுமா, எட்டு கிரிஸ்டல் வாங்கிப் பொருத்த வேண்டும். பிறகு எண்களை அழுத்தினாலே போதும் என்ற வசதி வந்தது. அதுவரை எல்லாம் எளிது.

அடுத்து வந்தது 'டிரங்கிங்'. இதைப் புரிந்துகொள்ள வங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒவ்வொரு கவுன்டருக்கும் தனி வரிசை. இப்போது டோக்கன், எந்த கவுன்டர் காலியோ அங்கே போகச் சொல்கிறார்கள். அதேபோல, ஒரு துறைக்கு ஒரு அலைவரிசை என்று இல்லாமல், காலியாக இருக்கும் அலைவரிசையைக் கணினியே ஒதுக்கிக் கொடுக்கும். கேள்வி ஒரு அலைவரிசையில் வரும், பதில் இன்னொன்றில் போகும். சாதாரண ஸ்கேனர் வைத்திருந்தவர்களுக்குப் பாதிப் பேச்சுதான் கிடைத்தது. 1997-ல் இந்தத் தாவலைப் பின்தொடரும் ஸ்கேனரை யூனிடன் நிறுவனம் கொண்டுவந்தது.

அடுத்த அடி, டிஜிட்டல். அமெரிக்காவின் காவல், தீயணைப்புத் துறைகள் 'பி25' என்ற டிஜிட்டல் முறைக்கு மாறத் தொடங்கின. பழைய ஸ்கேனரில் அதைக் கேட்டால் 'கர்ர்ர்' என்ற இரைச்சல் மட்டுமே வரும். அதனால் டிஜிட்டல் ஸ்கேனர்கள் பிறந்தன. இந்தக் கையடக்க டிஜிட்டல் கருவிகளுக்குள்ளும் இப்போது பழசு, புதுசு என்று தலைமுறை இடைவெளி வந்துவிட்டது!

மூன்று தலைமுறை, மூன்று கருவிகள்

முதலில், 2009 வாக்கில் வந்த யூனிடன் 'பி.சி.டி 396 எக்ஸ்.டி'. சட்டைப்பையில் அடங்கும். மூன்று பென்சில் பேட்டரி போட்டால் ஓடும். 25,000 சேனல்கள் வரை சேமிக்கலாம். ஆனால், சேமிக்க வேண்டியது நீங்கள்தான்! கணினியோடு இணைத்து, உள்ளூர் அலைவரிசைகளைத் தேடி, துறைவாரியாகப் பிரித்து ஏற்ற வேண்டும். இன்னொரு குறை, பி25 முறையின் முதல் கட்டத்தை மட்டுமே இது புரிந்துகொள்ளும். ஒரே அலைவரிசையில் இரண்டு பேச்சுகளை அடக்கும் இரண்டாம் கட்டம் இதற்கு எட்டாது.

அடுத்தது, 2014-ல் வந்த 'பி.சி.டி 436 ஹெச்.பி'. இதுவும் மூன்று பென்சில் பேட்டரிதான். இதன் மெமரி கார்டில் அமெரிக்கா, கனடா முழுமைக்குமான அலைவரிசைப் பட்டியலையே ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் ஊரின் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் போதும். அந்த வட்டாரத்தின் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் தானாக வந்து நிற்கும். இரண்டாம் கட்ட டிஜிட்டலும் கேட்கும்.

மூன்றாவது, 2018-ல் வந்த 'எஸ்.டி.எஸ் 100'. வண்ணத்திரை, லேசான மழைத்தூறலைத் தாங்கும் உடல். ஆனால், விலையை நியாயப்படுத்துவது திரை அல்ல. உள்ளே இருக்கும் ரிசீவர்.

திருவிழா ஸ்பீக்கர் தொல்லை

ஊர்த் திருவிழாவில் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே அறிவிப்புதான். ஆனால், இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் நின்று கேட்டால் ஒரு வார்த்தையும் புரியாது. ஒன்றின் சத்தம் முன்னே வரும், இன்னொன்றின் சத்தம் ஒரு கணம் பின்னே வரும், இரண்டும் குழம்பும்.

அமெரிக்க நகரங்களில் ரேடியோவுக்கும் இதே கதிதான். ஊர் முழுக்க சிக்னல் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பல டவர்கள் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், ஒரே பேச்சை அனுப்புகின்றன. 'சைமல்காஸ்ட்' என்பார்கள். போலீஸ் வைத்திருக்கும் ரேடியோ இதைச் சமாளிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. பழைய டிஜிட்டல் ஸ்கேனர்களோ திணறும். சிக்னல் கம்பம் முழுதாக நிற்கும். பேச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும். மாடியில் ஏறி பெரிய ஆன்டெனா வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தால், இன்னும் நான்கு டவர்களின் சிக்னல் வந்து சேர்ந்து நிலைமை மோசமாகும். சின்ன ஆன்டெனாவோடு வீட்டின் ஒரு மூலைக்குப் போனால் சில நேரம் தெளிவாகக் கேட்கும்!

காரணம், பழைய கருவிகள் வந்து சேரும் அலையின் ஒரு குணத்தை மட்டுமே அளக்கின்றன. எஸ்.டி.எஸ் 100, அலையின் வலிமை, கட்டம் இரண்டையும் சேர்த்து அளந்து, மென்பொருள் மூலம் குழப்பத்தைப் பிரித்தெடுக்கிறது. 436-ல் துண்டு துண்டாக வந்த பேச்சு, இதில் முழு வாக்கியமாக வரும்.

எல்லோருக்கும் புதுசுதான் வேண்டுமா?

இல்லை. எஸ்.டி.எஸ் 100-ன் விலை சுமார் 700 டாலர். நம் பணத்தில் 60,000 ரூபாய் அளவுக்கு வரும். சில டிஜிட்டல் முறைகளைக் கேட்கத் தனியாகக் கட்டணம் வேறு. உள்ளே ஓயாமல் கணக்குப் போடுவதால் பேட்டரியை வேகமாகக் குடிக்கும்; சூடாகவும் ஆகும். அதன் பேட்டரி தனி ரகம். புயலிலோ தீயிலோ நாள்கணக்கில் கரன்ட் போனால், பென்சில் பேட்டரியில் ஓடும் பழைய கருவிக்குப் பெட்டிக்கடையே துணை.

இன்னொரு சுவாரஸ்யம். கலிஃபோர்னியா மாநிலத்தின் வனத்தீ அணைப்புத் துறையான 'கால் ஃபயர்', இன்றும் பெரும்பாலும் பழைய அனலாக் முறையில்தான் பேசுகிறது. மலைகளைத் தாண்டி, பல துறைகளும் ஒன்றாக நின்று வேலை செய்ய அது வசதி. ஆக, மலையோரக் கிராமத்தில் இருப்பவருக்கு 100 டாலரைச் சுற்றி விற்கும் சாதாரண அனலாக் ஸ்கேனரே போதும். விமானப் பேச்சுக்கும் அதுவே போதும். நெரிசலான நகரத்தில், பல டவர்களுக்கு நடுவில் இருப்பவருக்குத்தான் புதிய கருவி தேவைப்படுகிறது.

பூட்டைத் திறக்காத 700 டாலர்

இவ்வளவு செலவழித்தும் கேட்க முடியாத ஒன்று உண்டு. அது, என்க்ரிப்ஷன் எனப்படும் மறையாக்கம். பேச்சையே பூட்டி அனுப்பிவிட்டால், 2009 கருவியும் 2018 கருவியும் ஒன்றுதான். இரண்டிலும் எதுவும் புரியாது. அந்தப் பூட்டைத் திறக்கும் ஸ்கேனர் கடையில் கிடைக்காது; திறக்க முயல்வதும் சட்டவிரோதம்.

இந்தப் பூட்டு வேகமாகப் பரவுகிறது. டென்வர் போலீஸ் 2019-லேயே முழுமையாக மாறியது. சிகாகோவில் 2022 முதல் பொதுமக்களுக்கு 30 நிமிடத் தாமதத்தோடுதான் ஒலிபரப்பு. நியூயார்க் போலீஸ் 2023-ல் புரூக்ளினில் தொடங்கி ஒவ்வொரு பகுதியாக மூடிவருகிறது.

போலீஸ் தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. திருடனும் அதே ஸ்கேனரை வாங்கலாம். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர், முகவரி, உடல்நிலை எல்லாம் ஊரார் காதில் விழக் கூடாது. இந்தத் தனிப்பட்ட விவரங்களைக் காக்க வேண்டும் என்று 2020-ல் கலிஃபோர்னியா நீதித்துறை உத்தரவிட்டது. ஆனால், எல்லாவற்றையும் மூடினால் 'என் தெருவில் என்ன நடக்கிறது' என்பதைத் துறை சொல்லும்போதுதான் தெரிந்துகொள்ள முடியும் என்பது பத்திரிகையாளர்கள், பொதுமக்களின் கவலை.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரப் போலீஸ் 2021-ல் ரேடியோவைப் பூட்டியது. எதிர்ப்பு எழுந்ததும் 2022-ல் மறுபடி திறந்தது. தனிப்பட்ட விவரங்களைப் பொது ரேடியோவில் சொல்லாமல் தவிர்க்கும் வகையில் வேலைமுறையை மாற்றிக்கொண்டது.

தீயணைப்பு ரேடியோ பல ஊர்களில் இன்னும் திறந்தே இருக்கிறது. அதனால்தான் வாட்ச் டியூட்டி போன்ற ஆப்களும் இயங்க முடிகிறது.

நம்ம ஊரில் வாங்கலாமா?

இதைப் படித்துவிட்டு ஆன்லைனில் தேடப் போகிறீர்களா? ஒரு நிமிடம்! இந்தியாவில், விலக்கு அளிக்கப்பட்டவை தவிர மற்ற ரேடியோ கருவிகளை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே சட்டவிரோதம். 1933-ம் ஆண்டு வயர்லெஸ் சட்டத்தின் காலத்திலிருந்தே இந்தக் கட்டுப்பாடு உண்டு. போலீஸ் பேச்சைக் கேட்பது இன்னும் பெரிய வம்பு. உரிய விவரம் இல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக 2025 மே மாதம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 நோட்டீஸ்கள் அனுப்பியது. ஆசைப்பட்டு வாங்கி அவஸ்தைப்பட வேண்டாம்.

ரேடியோவில் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், சட்டப்படியான வழி 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் ரேடியோ. 12 வயது நிரம்பியவர்கள் மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் பெறலாம். ஹாம்களுக்கென ஒதுக்கிய அலைவரிசையில் கேட்கவும் பேசவும் செய்யலாம். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழுதான், தொலைபேசி செத்துப்போன அந்தமானிலிருந்து தகவல்களை வெளியுலகுக்குக் கொண்டுசேர்த்தது.

மழை, புயல் எச்சரிக்கைக்குத் தமிழக அரசின் 'டி.என்.அலர்ட்', மத்திய அரசின் 'சசேத்' ஆப்களை போனில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, பேட்டரியில் ஓடும் ஒரு சாதாரண ரேடியோவும் வீட்டில் இருக்கட்டும். ஆல்டடீனாவில் அரசு உத்தரவு வருவதற்குள் நான்கு மணி நேரம் ஓடிவிட்டது. ஆபத்து நேரத்தில் ஒரே ஒரு வழியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.