அரை மில்லிகிராம் தூசு என்ன செய்துவிடும்?

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் தம் வீவக வீட்டைப் புதுப்பித்தார். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய இரைச்சல் பத்தரை மணிக்குச் சட்டென்று நின்றது. கதவைத் திறந்து பார்த்தேன். நடைவழி முழுவதும் மூடுபனி இறங்கியதுபோல் வெளுத்திருந்தது. இருபது நிமிடம் கழித்து மறுபடியும் எட்டிப் பார்த்தேன். காற்று தெளிந்துவிட்டது. தரையில்தான் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. ஆனால், படிக்கட்டுப் பக்கம் சாய்வாக விழுந்த வெயில் கீற்றுக்குள் எண்ணற்ற துகள்கள் இன்னமும் மிதந்துகொண்டிருந்தன.

வாசலில் ஓர் இளைஞர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தலைமுடி, புருவம், இமை எல்லாமே வெள்ளை. கழுத்தில் ஒரு துண்டு. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம் என்றும் நான்கு ஆண்டுகளாக இதே வேலைதான் என்றும் சொன்னார்.

“தண்ணி ஊத்தி அறுக்கலாமே, தம்பி?” என்று கேட்டேன்.

“அறுக்கலாம்ணே. கீழ்வீட்டுக்கு ஒழுகிடும்னு வேணாம்னுட்டாங்க. துண்டக் கட்டிக்கிட்டாப் போதும். பொடிதானே!”

மாணவர்களே, ‘பொடிதானே’ என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். உங்கள் அறிவியல் வகுப்பில் நீங்கள் படித்த அடர்த்தி, பரப்பு, உயிரணு, நுரையீரல் எல்லாமே இதற்குள் வருகின்றன.

கான்கிரீட்டுக்குள் என்ன இருக்கிறது?

சிமெண்ட், மணல், கருங்கல் ஜல்லி, தண்ணீர் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் கான்கிரீட். இவற்றுள் மணலிலும் கருங்கல்லிலும் குவார்ட்ஸ் என்ற கனிமம் நிறைய உண்டு. ஒரு சிலிக்கன் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் என்ற கணக்கில் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகம் அது. அதைத்தான் படிகச் சிலிக்கா என்கிறோம்.

‘ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மணலில் விளையாடுகிறோமே, அதுவும் சிலிக்காதானே?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கடற்கரை மணல் உங்கள் மூக்கைத் தாண்டி உள்ளே போக முடியாத அளவுக்குப் பெரியது. வைர முனை பதித்த வட்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழன்று கான்கிரீட்டை அறுக்கும்போது அதே மணல் நூறு மடங்குக்கும் மேல் சிறிய துகள்களாக நொறுங்குகிறது. பொருள் மாறவில்லை, அளவுதான் மாறியது. ஆபத்து அந்த அளவிலிருந்துதான் பிறக்கிறது.

சிறிய துகள் ஏன் கீழே விழ மறுக்கிறது?

காற்றில் விழும் துகளை அதன் எடை கீழே இழுக்கிறது. காற்றின் தடை மேல்நோக்கித் தள்ளுகிறது. துகளின் விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒன்றாகிவிடும். காற்றின் தடையோ அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. ஆகவே, நுண்துகள்கள் விழும் வேகம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. விட்டம் ஐந்தில் ஒன்றானால் வேகம் இருபத்தைந்தில் ஒன்று.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். அசையாத காற்றில், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து குவார்ட்ஸ் துகள்கள் விழுவதாக வைத்துக்கொள்வோம். 100 மைக்ரோமீட்டர் துகள் ஏறக்குறைய 3 விநாடியில் தரையைத் தொடும். (ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) 10 மைக்ரோமீட்டர் துகளுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் ஆகும். 2 மைக்ரோமீட்டர் துகளுக்கோ ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல்! மின்விசிறி சுழன்றால், யாராவது நடந்தால், அது இன்னும் நெடுநேரம் மிதக்கும்.

எங்கள் நடைவழியில் நான் பார்த்தது இதைத்தான். கண்ணை உறுத்திய பொடி கீழே விழுந்துவிட்டது. நுரையீரலின் அடிவரை போகக்கூடிய பொடி, காற்று ‘தெளிந்த’ பிறகும் அங்கேயே இருந்தது. அந்த நேரத்தில்தான் அந்தத் தம்பி துண்டைக் கழற்றிவிட்டுத் தேநீர் குடித்தார்.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் ஒரு கைப்பிடித் தோட்டமண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடிக் குலுக்கி வையுங்கள். மணல் சில விநாடிகளில் அடியில் தங்கிவிடும். களிமண் துகள்களால் தண்ணீர் மறுநாளும் கலங்கியே இருக்கும். காற்றிலும் இதே விதிதான்.

உடலின் காவலர்கள் தோற்கும் இடம்

நம் மூச்சுக்குழாயில் சளியும் நுண்ணிய மயிரிழைகளும் இருக்கின்றன. பெரிய துகள்கள் சளியில் ஒட்டிக்கொள்ளும். மயிரிழைகள் அவற்றை மேலே தள்ளிக்கொண்டே வரும். நாம் இருமித் துப்பிவிடுகிறோம் அல்லது விழுங்கிவிடுகிறோம். ஆனால், ஆக்சிஜனும் கரியமில வாயுவும் பரிமாறப்படும் காற்று நுண்ணறைகளில் அந்த மயிரிழைகள் இல்லை. அங்கே காவல் இருப்பவை துகள்களை விழுங்கும் வெள்ளணுக்கள்.

வெள்ளணு ஒரு கிருமியை விழுங்கினால் தன்னுள் இருக்கும் நொதிகளால் அதைச் செரித்துவிடும். சிலிக்காவை அதனால் செரிக்க முடியாது. மாறாக, அந்தத் துகள் நொதிப் பையையே கிழித்துவிடுகிறது. அணு செத்துப்போகிறது, சிலிக்கா வெளியே வருகிறது, அடுத்த வெள்ளணு அதை விழுங்குகிறது, அதுவும் சாகிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடம் அழற்சி கண்டு, காயம் ஆறியதுபோல் தழும்பு கட்டுகிறது. பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல், சிறிது சிறிதாக விறைத்துப்போகிறது.

இந்த நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். பெரும்பாலும் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ தூசைச் சுவாசித்த பிறகே தெரியவரும். தூசு மிக அதிகமானால் சில ஆண்டுகளிலேயே வந்துவிடும். விழுந்த தழும்பை அகற்றும் மருந்து கிடையாது. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் இது கூட்டுகிறது. வேலையிடத்தில் சுவாசிக்கும் படிகச் சிலிக்கா மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இல் வகைப்படுத்தியது.

சிங்கப்பூருக்கு இந்த நோய் புதிதன்று. நம் தீவில் கருங்கல் உடைத்த காலத்தில் கற்சுரங்க ஊழியர்கள் பலரை அது பாதித்தது. புலாவ் உபினின் கடைசிக் கற்சுரங்கம் 1999இல் மூடப்பட்டது. தூசு மட்டும் சுரங்கத்தை விட்டு நம் அடுக்குமாடி வீடுகளுக்குள் வந்துவிட்டது.

ஒரு சிறிய கணக்கு

அமெரிக்காவின் சட்டப்படி, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் சுவாசிக்கத்தக்க படிகச் சிலிக்கா இருக்கக்கூடாது. எட்டு மணி நேர வேலையில் ஒருவர் ஏறக்குறைய 10 கனமீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார் என்று வைத்தால், ஒரு நாளின் உச்சவரம்பு 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு மணல் பருக்கையின் எடைகூட 1.4 மில்லிகிராம்!

இப்போது மறுபக்கம். மின்கம்பி பதிக்க ஒரு மீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் ஆழம், 3 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுவரை அறுக்கிறார்கள். கன அளவு 90 கன சென்டிமீட்டர். கான்கிரீட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.4 கிராம். அப்படியானால் 216 கிராம் பொடி. இது முழுவதும் சிலிக்கா அன்று. அதில் நுண்ணிய பகுதியும் குறைவுதான். ஆனாலும், இந்தப் பொடியில் 400,000இல் ஒரு பங்கு மட்டும் நுண்ணிய சிலிக்காவாக நுரையீரலுக்குள் போனாலே அன்றைய வரம்பு தாண்டிவிடும். ஒரே ஒரு வெட்டுக்கான கணக்கு இது.

தூசைப் பிறக்கும் இடத்திலேயே பிடி

இதற்குத் தீர்வு மிக எளிது. வட்டு சுவரைத் தொடும் இடத்தில் இடைவிடாமல் தண்ணீர் பாய்ச்சினால், பொடி பறப்பதற்கு முன்பே நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துக் கீழே விழுந்துவிடும். பறந்த பிறகு தண்ணீர் தெளிப்பதால் அவ்வளவு பயன் இல்லை.

இது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. 1930ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கவழி அமைத்தார்கள். பாறையில் சிலிக்கா மிகுதி. நீர் பாய்ச்சித் துளையிடும் முறை அன்றே இருந்தது. வேலை விரைவாக முடிய வேண்டும் என்று உலர்ந்த பாறையிலேயே துளையிட்டார்கள். நூற்றுக்கணக்கான ஊழியர்கள் சிலிக்கோசிஸால் இறந்தனர்.

தண்ணீர் வந்தால் வேறோர் ஆபத்தும் சேர்ந்து வரும். அது மின்சாரம். ஆகவே, ஈரத்தில் பயன்படுத்தவென்றே செய்யப்பட்ட இயந்திரம் வேண்டும். மின்கசிவு ஏற்பட்ட கணமே இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் வேண்டும். பெட்ரோலில் ஓடும் இயந்திரத்தை மூடிய அறைக்குள் இயக்கக்கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் ஆளைக் கொல்லும். அறுக்கும் முன், சுவருக்குள் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், இரும்புக் கம்பி எங்கே ஓடுகின்றன என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும். வட்டு இறுகிக்கொண்டால் இயந்திரம் ஆளை நோக்கி எகிறும். அதனால் வட்டு சுழலும் நேர்கோட்டில் நிற்கக்கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு கட்டாயம்.

கீழ்வீட்டுக்கு ஒழுகும் என்பதால் தண்ணீரே வேண்டாமா? அதற்கும் வழி உண்டு. வட்டைச் சுற்றி ஒரு மூடி பொருத்தி, அதைத் தூசு உறிஞ்சியுடன் இணைத்துவிடலாம். சாதாரணத் தூசு உறிஞ்சி போதாது. நுண்துகள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வெளியே வந்துவிடும். 0.3 மைக்ரோமீட்டர் துகளிலும் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி அதில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சியிருந்தால், சேற்றை ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். காய்ந்தால் அது மறுபடியும் தூசுதான்.

முகக்கவசம் கடைசி அரண். என்95 கவசம் முகத்தோடு ஒட்டியிருந்தால் நுண்துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும். தாடி இருந்தால் இடுக்கு வழியே காற்று புகுந்துவிடும். துண்டின் நூல்களுக்கு இடையிலுள்ள சந்துகளோ நுண்துகளைவிடப் பல மடங்கு பெரியவை. நெற்களத்தில் பதரைத் தடுக்கும் துண்டு, சிலிக்காவைத் தடுக்காது.

யார் கேட்பது?

அன்று மாலை எதிர்வீட்டுக்காரரிடம் பேசினேன். இந்த ஆபத்து அவருக்குத் தெரியவே தெரியாது. உடனே குத்தகையாளரை அழைத்தார். இரண்டு நாள் கழித்து மூடியும் குழாயும் பொருத்திய இயந்திரம் வந்தது.

“இப்பல்லாம் சாயங்காலம் கண்ணாடியப் பாத்தா எம் மூஞ்சிதாண்ணே தெரியுது” என்று சிரித்தார் அந்தத் தம்பி. நானும் சிரித்தேன். ஆனால், முதல் நான்கு ஆண்டுகளில் உள்ளே போனதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. நெஞ்சு ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள் என்றேன். கேட்பதாகச் சொன்னார்.

உங்கள் வீடும் ஒருநாள் புதுப்பிக்கப்படும். அப்போது ஓடுகளின் நிறத்தைப் பற்றி உங்களிடமும் கருத்துக் கேட்பார்கள். கூடவே நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: “தூசை எப்படிப் பிடிக்கப் போகிறீர்கள்?” வேலை செய்பவரால் பல நேரங்களில் அதைக் கேட்க முடிவதில்லை. பணம் கொடுக்கும் வீட்டுக்காரர் கேட்டால் பதில் கிடைக்கும்.