பேரன் படத்தை நீக்கச் சொன்ன நீதிமன்றம்

2020 மே மாதம் நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாவட்ட நீதிமன்றம் ஒரு குடும்ப வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடுத்தவர் மகள், எதிர்த்தரப்பில் அவருடைய தாய். பேரக்குழந்தைகளின் படங்களைப் பாட்டி ஃபேஸ்புக்கிலும் பின்டெரஸ்ட்டிலும் போட்டிருந்தார். எடுத்துவிடும்படி மகள் பலமுறை கேட்டும் எல்லாவற்றையும் எடுக்கவில்லை. பேரன்களில் ஒருவன் சில ஆண்டுகள் பாட்டியிடமே வளர்ந்தவன். அவன் படத்தை நீக்க மனம் வரவில்லை. நீக்கத் தவறினால் நாளொன்றுக்கு 50 யூரோ வீதம், 1,000 யூரோ வரை கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். வீட்டுக்குள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் படங்களுக்கு ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. சமூக ஊடகத்தில் போட்டது முகம் தெரியாதவர் கைக்கும் போகலாம் என்பதால் பாட்டிக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை.

பாசத்தில் செய்ததற்குக் கோர்ட் வரை போக வேண்டுமா என்று நம் ஊரில் கேட்பார்கள். இங்கே மொட்டையோ காதுகுத்தோ, பெற்றவர்கள் வீடு திரும்பும் முன்பே படம் அத்தையின் ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது. அந்தப் பாசம் உண்மையானது. ஆனால், பொதுவெளிக்கு வந்த படத்தை இயந்திரங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பது அத்தைக்குத் தெரிவதில்லை.

முகம் அறியும் மென்பொருள் ஒரு முகத்தை எண்களின் வரிசையாக மாற்றுகிறது. கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஃபேஸ்நெட் முறையில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். ஒரே ஆளின் இரண்டு படங்கள் என்றால் அந்த எண்கள் நெருங்கியிருக்கும், வேறு ஆள் என்றால் விலகியிருக்கும். திருட்டுப்போன கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது. குழந்தை முகம் வளர வளர மாறுவதால் பழைய படத்தை வைத்து அடையாளம் காண்பது இயந்திரத்துக்குக் கடினம். ஆண்டுதோறும் பெயரோடு பிறந்தநாள் படம் போடும் உறவினர் அந்த இடைவெளியைத் தம்மை அறியாமல் நிரப்பிக் கொடுக்கிறார்.

இது வெறும் கற்பனை பயம் அல்ல. வாஷிங்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய மெகாஃபேஸ் தொகுப்பில் ஃப்ளிக்கர் தளத்திலிருந்து எடுத்த 40 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. வீட்டார் ஏற்றிய குழந்தைகளின் படங்களும் அதில் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் 2019இல் வெளிக்கொண்டுவந்தது. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் பயன்பட்ட லயான்-5பி என்ற தொகுப்பின் மிகச் சிறிய பகுதியை மட்டும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஆராய்ந்து, பிரேசில், ஆஸ்திரேலியக் குழந்தைகளின் படங்கள் அதில் இருந்ததை 2024இல் அறிவித்தது. சிலவற்றில் குழந்தையின் முழுப் பெயர், வயது, மழலையர் பள்ளியின் பெயர் வரை இருந்தன.

செல்போனில் எடுக்கும் படத்துக்குள் இடம், நேரம், போன் மாடல் ஆகியவையும் பதிவாகக்கூடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் இருப்பிடத் தகவல் நீங்கிவிடும். தெளிவு குறையாமல் இருக்கட்டும் என்று டாக்குமென்டாக அனுப்பினால் அது அப்படியே போகும். இருப்பிடம் இல்லாவிட்டாலும் சீருடையின் பேட்ஜ் பள்ளியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் தனிநபர் சொந்தத் தேவைக்குக் கையாளும் தரவுக்கு அதிலும் விலக்கு உண்டு. சித்தப்பாவின் பதிவைத் தடுக்க இந்தச் சட்டம் உதவும் என்று பெற்றோர் நம்பியிருக்க முடியாது. தடுக்க வேண்டியவர் சித்தப்பாதான்.

பிள்ளையின் படத்தைப் போடும் முன் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதனிடமும் கேளுங்கள். எடுத்துவிடச் சொன்னால் மரியாதைக் குறைவாக நினைக்காமல் அன்றே எடுத்துவிடுங்கள்.