கடலை அடைத்த அமைச்சர்

பொறியாளர் அமைச்சரானால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் கார்னெலிஸ் லேலி. டெல்ஃப்டில் சிவில் இன்ஜினியரிங் படித்த டச்சுக்காரர். ஸாய்டர்ஸே என்ற உள்கடலை அணைகட்டி அடைக்கும் திட்டத்தை 1891-இல் வரைந்தார். அதே ஆண்டு ரயில், கால்வாய், நீர் மேலாண்மை அடங்கிய துறைக்கு அமைச்சரும் ஆனார். செலவுக்குப் பயந்து திட்டம் கிடப்பில் கிடந்தது. 1916 ஜனவரியில் புயல்வெள்ளம் கரைகளை உடைத்து ஊருக்குள் புகுந்தது. மூன்றாம் முறை அமைச்சராயிருந்த லேலி, 1918-இல் அந்தத் திட்டத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியே விட்டார். இந்த விடாப்பிடிதான் எனக்குப் பெரிது.

அணை கட்டும்போது மிலாறுகளைப் பாயாகப் பின்னி, கல்லேற்றிக் கடலடியில் இறக்கினார்கள். அணைக்குக் கெட்டிக் களிமண் கொட்டினார்கள். 32 கிலோமீட்டர் அணை 1932-இல் கடலை மூடியது. லேலி 1929-லேயே காலமாகிவிட்டார். மீட்ட நிலத்தில் எழுந்த நகரத்துக்கு லேலிஸ்டாட் என்று பெயர்.